சபைக்கு ஜீவமணி கொடுத்த ராஜினாமா

எங்கள் சபையில் மரித்துப் போனவர்களின் பெயரை நீக்கியிருக்கிறோம். வேறு ஊருக்கு மாறிப் போனவர்களின் பெயரை நீக்கியிருக்கிறோம். அடிதடி, இரண்டாம் கல்யாணம் என்று ஒழுங்கு நடவடிக்கையில் போனவர்களும் உண்டு. என் பெயரை அடித்துவிடுங்கள் என்று தானாக எழுதிக் கொடுத்த ஒரே ஆள் ஜீவமணிதான். நான் சபைச் செயலர் என்பதால் அந்தக் கடிதத்தை என் கையில் கொடுத்தாள். அதுவும் பரிசுத்த நற்கருணை முடிந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் ஈவாஞ்சலின். தூத்துக்குடி தொலைபேசி அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். வாய் இல்லாவிட்டால் சபைச் செயலராக ஒரு மாசம் தாக்குப்பிடிக்க முடியாது.

ஜீவமணி நாசரேத் பக்கம். அவள் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் டைப்ரைட்டிங் முடித்தவள். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி கிளார்க்காக இருந்த கிருபாநிதியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தாள். வந்த ஆறாம் மாசமே பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலு மெஷினைப் போட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் வந்ததும் மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அதே இடத்தை ஜெராக்ஸ் கடை ஆக்கினாள். வாடகை ஒப்பந்தம், சாதிச் சான்றிதழுக்கு மனு, பத்தாம் வகுப்பு வினாத்தாள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் கையால்தான். எங்கள் சபையின் வார அறிவிப்புத் தாளையும், ஆராதனை முறைத் தாளையும் இருபத்தைந்து வருஷமாக அவளே அடித்துக் கொடுத்தாள்.

கடையில் அவளைப் பார்க்க வேண்டும். அடக்க ஆராதனை நோட்டீஸ் அடிக்க யாராவது வந்தால், அழுதுகொண்டு நிற்கிறவர்களிடமும் ஒரு கேள்வி கேட்பாள். "'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'னு போடவா, 'மகிமையில் பிரவேசித்தார்'னு போடவா, 'இளைப்பாறினார்'னு போடவா?" அவர்கள் ஏதாவது ஒன்றைப் போடுங்கள் என்றால் விடமாட்டாள். "உங்க அப்பா எப்படிப்பட்டவரு, நீங்கதான் சொல்லணும்" என்பாள். சொல்லும்வரை கை விசைப்பலகைக்குப் போகாது. எனக்கு எரிச்சலாக வரும். சாவு வீட்டுக்காரனை இப்படியா நிறுத்தி வைப்பது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

அவளுக்கு ஒரே மகன், ஜெஃப்ரி. டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு கண்டெய்னர் யார்டில் மெக்கானிக்காகச் சேர்ந்திருந்தான். பெரிய வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம், ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ஷிப்டுக்குப் போனவன் துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிக்கு அடியில் போய்விட்டான். இருபத்துநாலு வயசு. பெட்டியை மூடியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கிருபாநிதியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜீவமணி முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டி வருவதற்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, உள்ளே ஓடி, அவள் முன்னால் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டோம், ஸ்தோத்திரம் என்போம். மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதும் அதுதான், பஸ்ஸில் ஏறும்போதும் அதுதான். முப்பது நாற்பது வருஷப் பழக்கம். வாய் அதையே சொல்லிவிட்டது.

"ஸ்தோத்திரம் ஜீவா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கடையில் எழுத்து தெளிவாக இல்லாத மனுவைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"எதுக்குளா?" என்றாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் நன்றி, துதி என்று பொருள்படும் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். சவத்து வாய். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கே யாரும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மத்தியானம் அவளைக் காணவில்லை. தேடினால், கடையில் இருந்தாள். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, மகனுடைய அடக்க ஆராதனை நோட்டீஸைத் தானே அடித்துக்கொண்டிருந்தாள். பிரிண்டரிலிருந்து வந்த தாளை எடுத்துப் பார்த்தேன். பெயர், வயசு, நேரம், இடம். நடுவில் "இறந்தான்" என்று இருந்தது. நித்திரையும் இல்லை, மகிமையும் இல்லை. கிருபாநிதி வந்து, "ஏன் ஜீவா, இப்படி மொட்டையா?" என்று கேட்டார். "அதான் நடந்தது" என்றாள். அப்படியே ஒட்டினோம்.

அவள் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதும் அழவில்லை. அடுத்த ஞாயிறு, துக்க வீட்டார் எல்லாரும் சேர்ந்து கோவிலுக்கு வருகிற வழக்கப்படி வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் ஜெஃப்ரியின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பாடுகிற பாடகர் குழுவுக்கு வரவில்லை, பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் பாட்டை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வார அறிவிப்புத் தாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. ஆள் தேறிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத்தானே தெரியும். நாங்கள் நம்புவதை வரிவரியாக அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல எல்லாரும் எழுந்து நிற்கும்போது அவளும் நிற்பாள், உதடு மட்டும் அசையாது. முதலில் தொண்டை சரியில்லை என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு வாரமும் கவனித்தேன். எட்டு மாசம் அவள் வாயைத் திறக்கவில்லை. நான் அவள் காதில் விழட்டும் என்று சத்தத்தைக் கூட்டிச் சொல்வேன். என் சத்தத்துக்கு முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எட்டாம் மாசம் அந்தக் கடிதம் வந்தது. சபை நோட்டீஸுக்கு வைக்கிற அதே எழுத்துரு. வீட்டுக்குப் போய்ப் படித்தேன்.

"விசுவாசப் பிரமாணத்தை என்னால் மனதறிந்து சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத ஒருத்தி அங்கத்தினராக இருப்பது பொய். ஆகவே சபைப் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கணவர் கிருபாநிதியின் பெயர் இருக்கட்டும்."

துக்க வீட்டில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவளைத் தள்ளிவிட்டது என்று பட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கே கடைக்குப் போனேன். யாரோ ஒருத்தருக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை பொறுத்தேன்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"இல்ல."

"அன்னைக்கு நான் சொன்ன வார்த்தைய மனசுல வச்சிக்கிட்டா இப்படி எழுதினே?"

"எந்த வார்த்தை?" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் அதைவிடப் பயம்.

"ஆண்டவர் மேல கோவமா? கோவம்னா சண்டை போடு. திட்டு. யாரு வேண்டாம்னா?"

"கோவம் வந்தா நல்லாருக்கும்ளா. வர மாட்டேங்கு. பல்லு டாக்டர் ஊசி போட்ட பெறவு இருக்குமே, அப்படி இருக்கு. கன்னத்தைக் கடிக்கேன், ரத்தம் வருது, வலிக்கல. அங்கன நின்னு எல்லாரும் சொல்லுதாங்க. சரீரம் உயிர்த்தெழும்னு வருது. எந்தச் சரீரம்னு தோணுது. நான் அதைப் பாக்கவே இல்லையே."

நான் அவளுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினேன். பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஜெஃப்ரிக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம், கிருபாநிதிக்கும் அவளுக்கும். பெயரை அடித்தால் அந்த இடமும் போய்விடும்.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா?"

"பொய் சொல்லிக்கிட்டு அவன் பக்கத்துல போய்ப் படுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, பிரிண்டருக்குத் தாள் நிரப்ப ஆரம்பித்தாள். தாளைத் தட்டி, ஓரம் சேர்த்து, உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, கோவிலின் பக்கவாட்டு அறையில் கமிட்டி கூடியது. ஐயர், நான், இன்னும் ஆறு பேர். ஐயர் புதிதாக வந்தவர், முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. மூத்தவர் ஜேசுதாசன் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விதிப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறவர். ஜீவமணியையும் கூப்பிட்டிருந்தோம். ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை நான் வாசித்தேன். வாசிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜேசுதாசன் சார்தான் முதலில் பேசினார். "எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சபைன்னா என்ன? கட்டடமா? இல்ல. விசுவாசிக்கிறவங்களோட கூட்டம். விசுவாசம் இல்லன்னு ஒருத்தங்க எழுத்துல கொடுத்த பெறவு நாம எப்படிப் பேரை வச்சிக்கிட முடியும்? ஆராதனைக்கு அவங்க தாராளமா வரட்டும்."

"சார் சொல்லுதது சரிதான்" என்றாள் ஜீவமணி.

அட மூதி, உனக்காக நாங்கள் மல்லுக்கு நிற்க வந்தால் நீ அந்தப் பக்கம் சேர்ந்துகொள்கிறாயே என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "பதிவேட்டுல காரணம் எழுத மூணு கட்டம்தான் இருக்கு. மரணம், மாறுதல், ஒழுங்கு நடவடிக்கை. இதுல எந்தக் கட்டத்துல எழுத?" என்று கேட்டேன்.

ஐயர் ஜீவமணியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, உங்களால சொல்ல முடியலைன்னா சொல்ல வேண்டாம். பக்கத்துல நிக்கிற நாங்க உங்களுக்கும் சேர்த்துச் சொல்லுதோம். சபை அதுக்குத்தானே இருக்கு."

ஜீவமணி கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பேசுவதற்குக் கண்ணாடி எதற்கு என்று தெரியவில்லை, கடைப் பழக்கம்.

"ஐயா, அந்தத் தாளை இருபத்தஞ்சு வருஷமா நான்தான் அடிக்கேன். அதுல 'விசுவாசிக்கிறேன்'னு இருக்கு. 'றேன்'. 'றோம்' இல்ல. ஒருமை. ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டா எந்த ஆபீசுலயும் செல்லாது."

ஜேசுதாசன் சார் தலையை ஆட்டினார், அவருக்கு இலக்கணம் சரியாக இருந்தால் போதும். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"செல்லாதாளா? ஜெஃப்ரிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்கு யாருளா சொன்னா? மூணு மாசப் பிள்ளை வாயைத் திறந்தா சொல்லிச்சு? நான் அவனுக்கு ஞானத்தாய். அவனைக் கையில ஏந்திக்கிட்டு, அவன் பேருக்கு, விசுவாசிக்கிறேன்னு நான்தான் சொன்னேன். 'றேன்'னுதான் சொன்னேன், ஒருமையிலதான் சொன்னேன். அப்ப செல்லிச்சு, அப்ப இருந்த ஐயர் ரெஜிஸ்டர்ல எழுதினாரு, நீயும் கையெழுத்துப் போட்டே. பேசத் தெரியாதவனுக்குச் சொல்லலாம், பேச முடியாதவளுக்குச் சொல்லக்கூடாதோ?"

அந்த அறையில் அவன் பெயரை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுபடியும் வாயை விட்டுவிட்டேன் என்று உட்கார்ந்தேன்.

ஜீவமணி கண்ணாடியைக் கழற்றினாள். "செல்லிச்சுதான்" என்றாள்.

பிறகு, "எத்தனை நாளைக்குச் சொல்லுவ?" என்று கேட்டாள்.

"எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும்."

"எனக்கு வராமலே போயிட்டா?"

"வராமலே போகட்டும். நான் சொல்லுதேன்."

அவள் கண்ணாடியைக் கைப்பைக்குள் வைத்தாள். "நான் நிக்க மாட்டேன். நின்னா நானும் சொல்லுத மாதிரி ஆயிரும். உக்காந்திருப்பேன்."

"பிரமாணத்துக்கு உக்காருத வழக்கம் நம்ம சபையில..." என்று ஜேசுதாசன் சார் ஆரம்பித்தார்.

"உக்காரட்டும் சார்" என்றார் ஐயர்.

ஜீவமணி எழுந்தாள். "வர்ற ஞாயிறு ஒரு தடவை பாக்கேன். அதுவும் பொய்யாத் தெரிஞ்சா நீ என் பேரை அடிச்சிரணும் ஈவா. அந்தக் கட்டம் இந்தக் கட்டம்னு சாக்குச் சொல்லக்கூடாது."

சரி என்று கமிட்டி முன்னால் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர, அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது பிரமாணத்தைச் சொல்லிப் பார்த்தேன். அறுபது வயசுக்காரி, ஐந்து வயசில் மனப்பாடம் செய்ததை ஒத்திகை பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள். ஒரு தடவையும் தடுமாறவில்லை. வார்த்தை வார்த்தையாக வந்தது. நன்றாகச் சொல்லிவிடுவேன், அவளைச் சபையிலேயே தக்கவைத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஓரத்தில், வெள்ளைச் சேலை கட்டி அவள் என் பக்கத்தில். ஆண்கள் பக்கம் கிருபாநிதி இருந்தார். அவருக்கும் விஷயம் தெரியும். பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு எல்லாம் முடிந்தது. ஐயர் பிரமாணத்துக்கு அழைத்தார். பெஞ்சுகள் கிரீச்சிட்டன, இருநூறு பேரும் எழுந்தார்கள். ஜீவமணி எழவில்லை. பின் பெஞ்சில் யாரோ குசுகுசுத்தார்கள்.

நான் நின்றேன். குனிந்து பார்த்தால் அவள் உச்சி வகிடு தெரிந்தது. எட்டு மாசத்தில் அவ்வளவு நரைத்திருந்தது. இவளுக்காகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இவள் தலைக்கு மேல் நின்று சொல்வதா என்று பட்டது. நானும் உட்கார்ந்துவிட்டேன். தோள் இடிக்கும்படி நெருங்கி உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு தடவைதான் சொன்னேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. அப்படிச் சொல்லும்போது அது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பத்தைந்து வருஷம் நான் சும்மா வாயாடியிருக்கிறேன்.

சபையைப் பற்றிய வரி வந்தது, சொன்னேன். பாவமன்னிப்பு வந்தது, சொன்னேன். அடுத்தது சரீரத்தைப் பற்றிய வரி. வாயைத் திறந்தேன். மூடிய பெட்டி கண்ணில் வந்து நின்றது. அவன் ஞானஸ்நானத்தன்று என் கையில் கிடந்தபோது, அம்மா மார்பு என்று நினைத்து என் சேலை முந்தானையைச் சப்பினது வந்து நின்றது. அந்த உடம்பைத்தான் எங்களுக்குக் காட்டாமல் புதைத்தார்கள். எனக்குச் சத்தம் வரவில்லை. சொல்லு, சவமே, சொல்லு என்று என்னையே திட்டினேன். வரவில்லை. முப்பத்தோரு வருஷம் வாயால் பிழைத்தவளுக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

ஜீவமணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

எங்களைச் சுற்றி நின்றவர்கள் நிறுத்தவில்லை. ஜேசுதாசன் சாருடைய வகுப்பறைச் சத்தம் பின்னாலிருந்து வந்தது. கிருபாநிதியின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து, உடைந்தாலும், வந்தது. யாருடைய பிள்ளைகளோ, யாருடைய அம்மாக்களோ, எல்லாரும் அந்த வரியைச் சொன்னார்கள். அதற்கடுத்ததையும் சொன்னார்கள். ஆமென் சொல்லி முடித்தார்கள்.

"உனக்கும் வரலையா?" என்று கேட்டாள்.

"வரல" என்றேன். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் கண் காய்ந்துதான் இருந்தது. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டு முன்னால் நிற்கிறவர்களின் முதுகைப் பார்த்தாள்.

"என் பேரு ரெஜிஸ்டர்லயே கிடக்கட்டும்ளா" என்றாள்.